மங்களம் வரைக்கும்

திருச்சியில் யார் ரூம் போட்டுத் தங்குவார்கள் என்று எங்கள் ஊரில் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். மண்டபத்தில் படுக்க இடம் கிடைக்காத கல்யாணக்காரர்கள், கோர்ட்டில் வாய்தா இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்திருப்பவர்கள். மற்றபடி துறையூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் திருச்சியில் ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கும். அந்த வீடு இருக்கும்போது லாட்ஜில் போய்த் தங்கினால், அவர்களை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதாகத்தான் அர்த்தம். இது எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது எப்போதோ மீறியிருப்பார்கள்.

எங்களுக்கு அப்படி ஒரு வீடு உறையூரில் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் அக்கா வீடு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, மகன் சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறான். அண்ணி வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நம் சொந்த விருப்பங்களையும் கழற்றி வைத்துவிட வேண்டும். காபி குடித்து முடிப்பதற்குள் பலகாரம் வரும். பலகாரம் முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்க்க வருவார்கள். அவர்கள் எழுந்து போனதும் டிவியில் சீரியல் ஆரம்பிக்கும், சீரியலோடு சேர்த்து ராத்திரிச் சாப்பாடு. கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறோம் என்று சொன்னால், "வீட்டுல என்ன கொறச்சல்?" என்பார். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லி ஜெயித்ததில்லை.

என் குறையை அண்ணியிடம் சொல்ல முடியாது. என் குறை கச்சேரி.

எனக்கு யாரும் சங்கீதம் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, பாட்டுக்கும் யாருக்கும் சம்பந்தம் கிடையாது. பால் கறக்கிற நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்த ரேடியோவில் காலைக் கச்சேரி வரும். மாட்டுக்காக வைத்ததா எனக்காக வைத்ததா தெரியாது, மாடு கேட்டதோ இல்லையோ நான் கேட்டேன். கேட்டுக் கேட்டு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. காம்போதி எது, கல்யாணி எது என்று பெயர் தெரிவதற்கு முன்பே ஆளைக் குரலில் கண்டுபிடிக்கிற மாதிரி ராகத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டது.

தை அறுப்பு முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சாமி கும்பிடுவது எங்கள் வழக்கம். அதே சமயத்தில் அங்கே உத்தர வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பத்து நாள் கச்சேரி நடக்கும். சாமி கும்பிட்டு முடித்த கையோடு இவரை இழுத்துக்கொண்டு போய் அங்கே உட்காருவேன். கச்சேரி சாயந்திரம் ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடியும். துறையூரிலிருந்து எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டு மணிக்கு. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஆறேகால் மணிக்கு மண்டபத்தை விட்டு இறங்கி, துறையூர் பஸ் நிற்கிற டோல்கேட்டுக்கு ஓட வேண்டும். ஆறேகால் ஆனதும் இவர் இருமுவார். சளி இருமல் இல்லை, எழுந்திரு என்று அர்த்தம். பாடகர் பெரிய ராகத்தை எடுக்கத் தொண்டையைச் சரிசெய்வதும் இவர் தொண்டையைச் சரிசெய்வதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இப்படியே கல்யாணமான வருஷத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. வர்ணம் கேட்டிருக்கிறேன், பிள்ளையார் பாட்டு கேட்டிருக்கிறேன், அதற்கடுத்து ஒன்றிரண்டு. கச்சேரியின் நடுவில் மிருதங்கக்காரர் தனியாக வாசிப்பாரே, அதை நேரில் கேட்டதே இல்லை. கடைசியில் மங்களம் பாடுவதைப் பார்த்ததே இல்லை. வீட்டு வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டே ஒரு ஜன்மம் முழுக்கத் திரும்பி வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. எரிச்சலாக இருந்தது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அண்ணி வீட்டில் தங்கிக் கேட்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு தடவை அதையும் செய்து பார்த்தோம். இரண்டு தடவையும் உறையூரைத் தாண்டவே முடியவில்லை.

போன தையில் பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, போன்ல முழுக் கச்சேரியும் கெடைக்குதே, இங்கயே ஒக்காந்து கேளேன்" என்றாள்.

"அது முடிஞ்சு போன கச்சேரி. எனக்கு நடக்கிற கச்சேரி வேணும்" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ, இந்தத் தைக்கு என்னைக் கேட்காமலே தில்லைநகரில் இரண்டு நாளைக்கு ஒரு ரூம் போட்டு, போனில் தகவல் அனுப்பிவிட்டாள். ஏதோ தோழி கல்யாணத்துக்கு வந்தபோது அந்த லாட்ஜில் தங்கினாளாம், சுத்தமாக இருக்குமாம்.

இவர் அந்தத் தகவலை இரண்டு தடவை படித்தார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

"உறையூருக்கும் தில்லைநகருக்கும் கூப்பிடு தூரம் அது."

"அப்ப கூப்பிடாம இருங்க" என்றேன்.

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அன்றைக்கு என் குரலில் என்ன இருந்ததோ, போய் வேட்டியை மடித்துப் பையில் வைத்தார்.

புறப்படுகிற அன்று காலையில் நான் சின்னப் பெட்டியோடு வாசலுக்கு வந்தால், அங்கே ஒரு சாக்கு மூட்டை நிற்கிறது. அரை மூட்டைச் சின்ன வெங்காயம், அதன் மேல் ஒரு கட்டு முருங்கைக்காய், சணலால் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"திருச்சிக்குப் போறோம்ல" என்றார்.

"லாட்ஜுக்குப் போறோம்."

"அதுக்காக வெறுங்கையோடயா போறது?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் திருச்சிக்கு மூட்டை இல்லாமல் போனதே கிடையாது. நெல்லோ தேங்காயோ வெங்காயமோ, ஏதோ ஒன்று தோளில் கனத்தால்தான் அவருக்குத் திருச்சிக்குப் போகிற நினைப்பே வரும். பஸ் வந்துவிட்டது. சண்டை போட நேரமில்லாததால் மூட்டையும் ஏறியது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தில்லைநகர் போனோம். லாட்ஜில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், மூட்டையைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், ரூம்ல சமைக்க வசதி இல்லைங்க" என்றாள்.

"சமைக்க இல்லம்மா, சும்மா கொண்டாந்தோம்" என்றார் இவர். அவள் மூட்டையைப் பார்த்துக்கொண்டே சாவியை எடுத்து நீட்டினாள்.

ரூம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெள்ளை வெளேரென்று விரிப்பு. யாரும் தட்டாத கதவு. ஜன்னலைத் திறந்தால் வீடுகளுக்கு மேலே தூரத்தில் மலைக்கோட்டை. நான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இவர் யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பது போல ஓரத்தில் உட்கார்ந்தார். ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் ரூம் முழுக்க வெங்காய வாசனை பரவிவிட்டது. கடல் கடந்து போனாலும் எங்களைத் துறையூர்க்காரர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் போலிருந்தது.

நான் குளித்துவிட்டு வந்ததும் வெளியே கிளம்பினோம். தில்லைநகரை நான் அதற்கு முன் ஆஸ்பத்திரி வேலையாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சின்ன நாத்தனார் பிரசவம், மாமனார் கண், இவருடைய முட்டிக்கால். ஒவ்வொரு கிராஸிலும் ஒரு போர்டு, ஒவ்வொரு போர்டிலும் ஒரு டாக்டர். கையில் ஸ்கேன் கவர் இல்லாமல் அந்தத் தெருவில் நடப்பதே பெரிய சுதந்திரமாக இருந்தது. அப்படி நடந்தால்தான் தெரிகிறது, அந்த போர்டுகளுக்கு நடுவே எத்தனை சாப்பாட்டுக் கடைகள், துணிக்கடைகள், ஐஸ்கிரீம் கடைகள், தெருவில் எத்தனை சிரிப்பு. இத்தனை நாளும் இதெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது. சாயந்திரம் ஸ்ரீரங்கம் போகிற நாள் என்பதால் பிரியாணிக் கடைகளை மூக்கால் மட்டும் விசாரித்துவிட்டு, சைவ ஓட்டலில் போய் இலை போட்டுச் சாப்பிட்டோம். அடுத்தவர் சமைத்த சாப்பாட்டை, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று யாரும் மேலே நிற்காமல், என் பசிக்கு நானே அளவு வைத்துச் சாப்பிட்டேன். இவர் இரண்டு தடவை பாயசம் வாங்கினார், அக்கா நினைப்பு அப்போது வந்ததாகத் தெரியவில்லை.

அதே தெருவில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஓவியம் மாட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எழுதியிருந்ததால் ஏறினோம். ஒரு பெண் வரைந்தது, அவளே அங்கே நின்றிருந்தாள். காவேரிப் பாலம், மார்க்கெட், மொட்டை மாடிகள். ஒரு படத்தில் நீல நிறத்தில் ஒரு மாடு. இவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இத மணப்பாறைச் சந்தையில ஓட்டிட்டுப் போனா ஒருத்தனும் பல்லப் புடிச்சுப் பாக்க மாட்டான்" என்றார்.

"ஓட்டிட்டுப் போறதுக்கு இல்லைங்க ஐயா, பாத்துட்டு நிக்கறதுக்குத்தான்" என்றாள் அந்தப் பெண்.

அவள் சொன்ன மாதிரியே இவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எல்லாப் படத்தையும் பார்த்து முடித்து வந்தபோதும் அந்த மாட்டின் முன்னால்தான் நின்றிருந்தார். எனக்கு அவர் மேல் புதிதாக ஒரு பிரியம் வந்தது.

அந்தப் பிரியம் ரூமுக்குத் திரும்பும் வரைதான். கதவைத் திறந்தால் வெங்காய வாசனை இருக்கிறது, மூட்டையைக் காணோம். கிளம்புகிற அவசரத்தில் நான் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை.

"மூட்டை எங்கங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ குளிக்கப் போனப்ப ஆட்டோ ஸ்டாண்டுல ஒருத்தர்ட்ட குடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். நாலு மணிக்கு மேல அந்தப் பக்கம் போறப்ப எறக்கிடறேன்னாரு. இங்க கெடந்து என்ன ஆவப் போவுது, அவங்களுக்குன்னு கட்டினது. பயப்படாத, ஊர்லருந்து பஸ்ல போட்டு விட்டாங்கன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்."

"அந்த ஆட்டோக்காரர் ஒங்களுக்காகப் பொய் சொல்லணும்னு என்ன வந்துச்சு?"

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும், "எங்க இருக்கீங்க?" என்று அண்ணி கேட்பார், நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உறையூருக்குப் போவோம், காபி வரும், பலகாரம் வரும், சீரியல் வரும். நான் இரண்டு போனையும் வாங்கி அணைத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். "எட்டரை மணிக்கு எடுத்துத் தரேன்" என்றேன்.

சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்து, மண்டபத்தில் வழக்கமான நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு மாமி வருவார். அந்த ஊர்க்காரர், என் வயசுதான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அன்றைக்கு அவரே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு பஸ்? பாவமா இருக்கும் எனக்கு, பெரிய ராகம் ஆரம்பிக்கறச்சே எழுந்து போயிடறேளே."

என்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"இன்னிக்கு பஸ் இல்லைங்க மாமி. தில்லைநகர்ல ரூம் போட்டிருக்கோம்" என்றேன்.

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. சொந்தமாக வீடு கட்டியிருக்கிறோம் என்று சொன்னபோதுகூட அப்படி இருந்ததில்லை.

"பேஷ். அப்போ மிருதங்கத் தனி கேட்டுட்டுத்தான் போகப்போறேள்" என்று மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

பாட வந்தவர் ஒரு பெண்மணி. பக்கத்தில் வயலின், மிருதங்கம், கடம். வர்ணம் முடிந்தது. பிள்ளையார் பாட்டு முடிந்தது. அடுத்து ஒன்று விறுவிறுவென்று ஓடி முடிந்தது. மணி ஆறேகால். பக்கத்தில் இவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பது கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். வந்த இருமலை அப்படியே விழுங்கினார்.

காம்போதியை எடுத்தார்கள். மெதுவாக, அவசரமே இல்லாமல், முன்னால் நிறைய நேரம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பாடுகிற மாதிரி. எனக்கும் நேரம் இருந்தது. நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்த மண்டபத்து நாற்காலிக்கு முதுகு உண்டு என்பதையே அன்றுதான் கண்டேன்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்து அண்ணி உள்ளே வந்தார்.

ஒரு கையில் வயர் கூடை, கூடையில் பெரிய பிளாஸ்க், டம்ளர்கள். தலை கலைந்திருந்தது. வரிசை வரிசையாகத் தேடி எங்களைக் கண்டதும், உட்கார்ந்திருந்தவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு நேராக வந்தார். வந்ததும் இடுப்பில் முடிந்து வைத்திருந்த வெக்காளியம்மன் குங்குமத்தை எடுத்துத் தம்பி நெற்றியில் பூசினார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"எங்கடா வலிக்குது? ஆபரேஷன் நாளைக்கா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கிவிட்டது. ஆட்டோக்காரர் நல்ல மனுஷர். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தில்லைநகர் லாட்ஜிலிருந்து ஒரு ஐயா கொடுத்தார் என்று லாட்ஜ் பெயரோடு உள்ளதைச் சொல்லியிருக்கிறார். துறையூர்க்காரன் தில்லைநகரில் ரூம் போட்டிருக்கிறான், அதுவும் அக்காவுக்குத் தெரியாமல். போன் அடித்தால் இரண்டும் அணைந்து கிடக்கிறது. கல்யாணமும் இல்லை, கோர்ட் கேஸும் இல்லை. மிச்சம் இருப்பது ஆஸ்பத்திரி ஒன்றுதான். அண்ணி கோபப்படவே இல்லை. கஞ்சி காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, கோயிலில் குங்குமம் வாங்கிக்கொண்டு லாட்ஜுக்கு ஓடியிருக்கிறார். சாவி கொடுக்கும்போது நான் சொன்னதை வைத்து, கச்சேரிக்கு ஸ்ரீரங்கம் போயிருக்கிறார்கள் என்று முன்னால் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். கத்தி வைப்பதற்கு முன்னால் ஆசைப்பட்டதைக் கேட்டுவிடலாம் என்று போயிருக்கிறார்கள் என்று அண்ணி முடிவு செய்திருக்கிறார்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றார் இவர்.

"மறைக்காத. எந்திரி. ரெண்டு பேரும் எந்திரிங்க, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம். ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

முன் வரிசையில் தலைகள் திரும்பின. இவர் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். மேடையில் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருந்தார். இதோ இதே இடத்தில்தான் நான் ஒவ்வொரு வருஷமும் எழுந்து போவேன். அன்றைக்கும் எழுந்திருந்தால் இனி எனக்கு அது கிடையவே கிடையாது என்று தோன்றியது.

ஒரு கையால் இவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். மறு கையை அண்ணியின் பிடியிலிருந்து எடுக்காமல், தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"அண்ணி, ஒங்க தம்பிக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. எனக்காக வந்திருக்கோம். கல்யாணமான நாள்லருந்து ஒரு கச்சேரிய நான் முழுசாக் கேட்டதில்ல. கேக்கணும்னுதான் ரூம் போட்டோம். ஒங்க வீட்டுக்கு வந்தா நீங்க விட மாட்டீங்க. முடியற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். நீங்களும் ஒக்காருங்க."

அண்ணியிடம் நான் அப்படிப் பேசியதில்லை. யாருமே பேசியதில்லை. அவர் என்னையே பார்த்தார். முதலில் தம்பி பிழைத்துவிட்டான் என்கிற நிம்மதி முகத்தில் தெரிந்தது, அதன் பிறகுதான் மற்றது வந்தது. "அப்ப மூட்டைய மட்டும் அனுப்பிட்டு நீங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

மாமி தனக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அங்கே நகர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்தில் இடம் காலியானது.

"உக்காருங்கோ. சித்த நாழில தனி வரப்போறது" என்றார் அண்ணியிடம்.

பின்னாலிருந்து ஒருவர், "தலைய மறைக்குதுங்க" என்றார். அண்ணி உட்கார்ந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டார். என் கையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

பிறகு நான் கேட்டதை எப்படிச் சொல்வது. பாட்டு வந்தது, ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாடினார்கள், வயலின்காரர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்புறம் அந்த அம்மாள் கையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கடமும் மட்டும் மிஞ்சின. கொட்டகை ரேடியோவில் இந்த இடம் வரும்போதெல்லாம் அடுப்பில் பால் பொங்கிவிடும், அல்லது யாராவது கூப்பிடுவார்கள். நேரில் இருக்கும்போது அது காதில் மட்டும் கேட்பதில்லை, நாற்காலி வழியாக முதுகுக்கு வருகிறது. ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல, பேச்சு குறைந்து குறைந்து நெருக்கமாகி, கடைசியில் இருவரும் ஒரே மூச்சில் ஓடி வந்து சேர்ந்தார்கள். கூட்டம் கை தட்டியது. நான் பக்கத்தில் பார்த்தேன். அண்ணியின் விரல் பிளாஸ்க் மூடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, மூடியை இறுக்குவது போலத் திருகினார்.

மங்களம் பாடினார்கள். மாமி எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். அழுதேன். வருத்தத்தில் வந்த அழுகை இல்லை, ஜெயித்த அழுகை. வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். மிருதங்கத்துக்கு உறை போட்டார்கள். கடத்தைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். இதையெல்லாம் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். கைப்பையிலிருந்து போன்களை எடுத்து, போட்டு, இவரிடம் கொடுத்தேன். அண்ணி கூப்பிட்டதாக வந்த தகவல்களாகவே இருந்தன.

வெளியே வந்ததும் அண்ணி தெருவோரத்தில் நின்று பிளாஸ்கைத் திறந்தார். "காச்சினது வீணாப் போவணுமா" என்று மூன்று டம்ளரில் ஊற்றினார். நோய் நொடி ஒன்றும் இல்லாத மூன்று பேர் உத்தர வீதியில் நின்று ஆளுக்கொரு டம்ளர் கஞ்சி குடித்தோம். உப்பு சரியாக இருந்தது. அண்ணி கையில் எதுவும் தப்பாக வராது.

"இது எந்த மூலைக்குக் காணும். வாங்க அண்ணி, ஓட்டலுக்குப் போவலாம்" என்றேன்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தார், பிறகு ஆட்டோவில் ஏறினார். தில்லைநகர் ஓட்டலில் அவருக்கு நெய் ரோஸ்ட் வந்தது. பாதி சாப்பிட்ட பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க வந்தா அந்த நாலு மணி நேரந்தான் வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்கும். அதான் வெளிய விடறதில்ல. வேற ஒண்ணுமில்ல."

"கச்சேரிக்கு நீங்களும் வாங்க. ஒண்ணா இருந்த மாதிரியும் ஆச்சு, நான் கேட்ட மாதிரியும் ஆச்சு" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும் அதுல?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒக்காந்தா வந்துடும்."

அண்ணி இன்னொரு சட்னி கேட்டு வாங்கினார். வீட்டில் இறக்கிவிட்டபோது, லாட்ஜைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, வட்டியோடு பிறகு வருமா என்று இவர் ரூமுக்கு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் சாமி கும்பிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, சாவகாசமாக மண்டபத்துக்குப் போனோம். நாலாவது வரிசையில் மாமிக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார். பட்டுச் சேலை, படிய வாரிய தலை. அடுத்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் கர்ச்சீப்பும் ஒன்றில் வயர் கூடையும் போட்டு எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். மாமியும் அவரும் வெங்காய விலையில் ஆரம்பித்து மருமகள்கள் வரைக்கும் வந்திருந்தார்கள்.

வர்ணம் முடிந்தது. பிள்ளையார் பாட்டு முடிந்தது. ஆறேகால் மணிக்கு, பஸ் இல்லை என்று தெரிந்தும், இவருக்கு இருமல் வந்துவிட்டது. வந்ததோடு நிற்காமல் இடுப்பு வேட்டியைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தும் விட்டார்.

"ஒக்காருடா" என்றார் அண்ணி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் தனி வரல."

"இல்லக்கா, இருமல்."

"கஞ்சி இருக்கு, குடி. எந்திரிக்காத."

கூடையிலிருந்து பிளாஸ்கை எடுத்து ஒரு டம்ளர் ஊற்றி, என் மடியைத் தாண்டி அவரிடம் நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் தோடி ஆரம்பித்தது, நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.